மலிவான போத்தல்

உணவுச்சாலை ஒன்றின் வைன் பட்டியலை மதிப்பிடும்படி என் கையில் கொடுப்பவர்கள், பரோலோவும் புருனெல்லோவும் அமரோனேயும் ஆண்டுவாரியாக அணிவகுத்து மூன்று இலக்க விலைகளோடு நிற்கும் நடுப்பக்கங்களையே நான் முதலில் புரட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் அவற்றைக் கடைசியில் பார்ப்பவன். அந்தச் சாலையில் விற்கப்படும் மிக மலிவான வெள்ளை வைன் எது, மிக மலிவான சிவப்பு வைன் எது, அவற்றை ஆக்கியவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா, திராட்சை பறித்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா, ஒரு கிளாஸின் விலைக்கும் ஒரு போத்தலின் விலைக்கும் கணக்கு ஒத்துவருகிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகே மற்றப் பக்கங்களுக்குப் போவது என் வழக்கம். செல்வந்தரான விருந்தினருக்கு உயர்ந்த வைன் கொடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. தவணைக்குச் சரக்குத் தரும் வியாபாரி ஒருவர் கிடைத்தால் அது நடந்துவிடும். மனைவியின் பிறந்தநாளுக்கென்று 35 பவுணை ஒதுக்கி வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் வந்திருக்கும் ஒரு பஸ் சாரதி, பெயரை உச்சரிக்கக் கூசாமல் கேட்டு, உணவோடு சேர்த்து ரசித்துக் குடித்து, அடுத்த முறையும் அதே பெயரைத் தேடிவரும்படியான ஒரு போத்தலைக் கண்டெடுத்துப் பட்டியலில் வைப்பதற்குத் தேர்ச்சியும் வேண்டும், சிரத்தையும் வேண்டும், தர்மசிந்தையும் வேண்டும். பட்டியலை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

இத்தாலிய உணவுச்சாலைகளின் பட்டியல்களை வாசித்துத் தரம் பிரிக்கும் இந்த வேலை எனக்குப் பிற்காலத்தில் வாய்த்தது. தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பரிசுப் போட்டி ஒன்றுக்கு என்னை நடுவர்களில் ஒருவனாக அழைக்கிறார்கள்; இலையுதிர் காலத்தில் பட்டியல்கள் வந்து குவியும்; அவற்றைப் படித்து, சந்தேகங்களை ஓரத்தில் குறித்து, தெரிந்தெடுத்த சில சாலைகளுக்கு இன்னாரென்று சொல்லிக்கொள்ளாமல் போய் உண்டு பார்த்து, பின்பு மற்ற நடுவர்களோடு மேசையைச் சுற்றியிருந்து வாதாட வேண்டும். இதற்கு முன் லண்டனில் சோஹோவிலும் கிளார்க்கன்வெல்லிலும் கிளாஸ் கழுவுபவனாக, மேசை துடைப்பவனாக, வைன் பரிமாறுபவனாக, இறுதியில் பட்டியலை எழுதுபவனாக இருந்திருக்கிறேன். நடுவர் தொழிலுக்கு வேண்டிய கல்வியில் பெரும்பகுதி எனக்கு அந்தக் கடைசி வேலையிலேதான் கிடைத்தது. ஏனெனில், ஒரு பட்டியலில் எந்த வரி சுவைத்துப் பார்த்து எழுதப்பட்டது, எந்த வரி வியாபாரியின் விலைத்தாளிலிருந்து அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டது என்பதை, தானும் நள்ளிரவில் களைத்த கண்ணோடு அந்த வரிகளை எழுதியிருக்கும் ஒருவன்தான் பார்த்த மாத்திரத்தில் அறிவான்.

1985ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு, வந்த சில வாரங்களிலேயே சோஹோவில் இத்தாலியர் ஒருவரின் உணவுச்சாலையில் வேலை கிடைத்தது. அக்காலத்தில் எங்களவர் பலர் இந்த நகரத்துக்குள் புகுந்ததே சமையலறைகளின் பின்வாசல் வழியாகத்தான். அந்த இத்தாலியர்களும் ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ முன்பு அதே வாசல் வழியாக வந்தவர்களே. கிளார்க்கன்வெல்லில் 1863இல் திறக்கப்பட்ட புனித பேதுரு இத்தாலியத் தேவாலயத்தைச் சுற்றி ஏழைகளாகக் குடியிருந்து, தெருவில் ஐஸ்கிரீம் விற்றும் வாத்தியப் பெட்டி சுழற்றியும் பிழைத்தவர்களின் சந்ததியார் பின்னாளில் சாப்பாட்டுக் கடைகளை வைத்தார்கள். பெப்பினோ லியோனி 1926இல் டீன் வீதியில் தொடங்கிய 'குவோ வாடிஸ்' கைமாறிக் கைமாறி இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. 1940 ஜூன் மாதத்தில் முஸோலினி போர்ப்பிரகடனம் செய்தவுடன், இந்த நகரத்துப் பரிசாரகர்களும் சமையற்காரர்களும் பகைநாட்டவர் என்று பிடிக்கப்பட்டார்கள். லியோனியும் அவர்களில் ஒருவர். கைதிகளைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற 'அரந்தோரா ஸ்டார்' கப்பல் ஜூலை 2ஆம் திகதி ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு அமிழ்ந்தபோது 400க்கு மேற்பட்ட இத்தாலியர்கள் மாண்டார்கள். அவர்களுக்குக் கிளார்க்கன்வெல் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் உண்டு. என் முதலாளி அங்கே போகும் நாளில் கடை மத்தியானம் வரை திறக்காது. நாடிழந்து வந்த எங்களிடம் அவர் காட்டிய பரிவுக்கு அந்த ஞாபகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போருக்குப் பின் இத்தாலியச் சாலைகளுக்கு ஒரு புதிய யோகம் பிறந்தது. மாரியோ கஸாந்திரோ, ஃபிராங்கோ லகத்தொல்லா என்ற இருவர் 1959இல் ரோமிலி வீதியில் திறந்த 'லா திராத்தோரியா தெராட்ஸா' லண்டன் நாகரிகத்தின் சந்திப்பிடமாகி, அதைப் பார்த்து எழுந்த சாலைகள் ஒவ்வொரு வீதியிலும் பரவின. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த மோகம் பழசாகி, வைக்கோல் பின்னிய கியாந்திக் குடுவைகள் மெழுகுவர்த்தி தாங்கிகளாக மேசைகளில் நின்றுகொண்டிருந்தன. வைன் பட்டியல் ஒரே ஒரு தாள். கியாந்தி, சொவாவே, வல்பொலிச்செல்லா, ஃபிரஸ்காத்தி, ஒரு பரோலோ, அவ்வளவுதான். ஆக்கியோன் பெயருமில்லை, ஆண்டுமில்லை. எவரும் கேட்பதுமில்லை.

கேட்கும்படி செய்தது 1986ஆம் ஆண்டின் விபரீதம். அந்த வசந்தகாலத்தில் இத்தாலியில், வைனின் காரத்தை, அதாவது மதுசார அளவை, மலிவாகக் கூட்டுவதற்காக மெத்தனோலைக் கலந்து விற்ற சிலருடைய பேராசையால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் பார்வையை இழந்தார்கள். லண்டனில் விருந்தினர்கள் இத்தாலியப் போத்தலைக் கண்டாலே கையை விலக்கினார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் முதலாளி அந்த ஒற்றைத் தாளை மேசைமேல் விரித்து, நீலப் பென்சிலால் வரிவரியாக அடித்துக்கொண்டு போனார். ஆக்கியவர் யாரென்று தமக்குத் தெரியாத ஒவ்வொரு வைனையும் அடித்தார். கடைசியில் மிஞ்சியவை மிகச் சில. அந்தச் சிலவற்றையும் அவற்றை ஆக்கிய குடும்பத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு தம் கையாலேயே எழுதி, அதைப் பிரதிசெய்து மேசைகளில் வைத்தார். பட்டியலில் ஆக்கியோன் பெயர் வேண்டும் என்று நான் இன்றும் பிடிவாதமாக நிற்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஒருவர் வாய்க்குள் ஊற்றிக்கொள்ளும் பொருளுக்கு ஜவாப்தாரி யார் என்பதை அந்தப் பெயர்தான் சொல்கிறது.

அந்த மிச்சத்தில் குத்தூர்னியோ என்றொரு வைன் இருந்தது. முதலாளியின் சொந்த ஊர் பியச்சென்ஸாவுக்குத் தெற்கே உள்ள குன்றுகளில். அங்கே பார்பேரா, குரொவாத்தீனா என்ற இரு திராட்சைகளைக் கலந்து ஆக்கும் இந்தச் சிவப்பு வைன், பெரும்பாலும் மெல்லிய நுரையோடு இருக்கும். கிளாஸில் விழுந்தவுடன் ஊதா நிறத்தில் சிறு நுரை எழுந்து, ஓரத்தைத் தொட்டு, நாம் மூக்கைக் கிட்டக் கொண்டுபோவதற்குள் அடங்கிவிடும். நுரைக்கும் சிவப்பு வைனா என்று லண்டன்வாசிகள் முகம் சுளித்தார்கள். முதலாளி வாதம் செய்யவில்லை. அந்த ஊரில் பன்றியின் கழுத்திறைச்சியை உப்பிட்டு உலர்த்திச் செய்யும் கொப்பாவைக் காகிதம்போல் மெல்லிதாகச் சீவி ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் அந்த வைனையும் வைத்துவிட்டுப் போய்விடுவார். இறைச்சியின் கொழுப்பு நாவில் படிகிறது. வைனின் புளிப்பும் நுரையும் வந்து அதைக் கழுவுகின்றன. நாவு மறுபடியும் பசிக்கிறது. ஓர் ஊரின் வைன் அந்த ஊரின் சாப்பாட்டோடு எதற்காக வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் புத்தகமும் போதிக்கவில்லை. 1969இல் நிறுவப்பட்ட வைன் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்டின் வகுப்புகளுக்கு நான் பின்னர் போனதும் படித்ததும் பயனுள்ள காரியங்களே. ஆனாலும் ஒரு பட்டியலை எடுத்தவுடன் சமையலறை எந்த ஊரைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த ஊரின் வைன் இருக்கிறதா என்று தேடும் பழக்கம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. உரோமாபுரிச் சமையல் செய்யும் இடத்தில் லாட்சியோவின் செசனேஸே இல்லாமலும், லிகூரியாவின் பெஸ்தோ அரைக்கும் இடத்தில் அந்தக் கடற்கரையின் வெர்மெந்தினோ இல்லாமலும், எல்லாப் பக்கங்களிலும் தொஸ்கானாவின் பெரும்பெயர்களே நிறைந்திருந்தால், சமையற்காரரும் பட்டியல்காரரும் ஒரு கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பேசாமல் வாழ்கிறார்கள் என்று நான் முடிவுகட்டுவேன்.

இத்தாலியில் 20 பிராந்தியங்கள் உள்ளன. சட்டப்படி பதிவுபெற்ற திராட்சை வகைகள் 500க்கு மேல். ஆகவே பரப்பு என்பது ஒரு பெரிய ஆசைக்கண்ணி. இருபது பிராந்தியத்துக்கும் இடம் கொடுத்துவிட்டேன் என்று பெருமையோடு எழுதும் பட்டியல்கள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றில் பாதி வைன்களை அந்தச் சாலையில் ஒருவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். பரப்பைக் காட்டிலும் நான் மதிப்பது நிதானத்தை. எத்னா மலைச்சரிவின் கரிய எரிமலை மண்ணில் விளையும் நெரெல்லோ மஸ்கலேஸேயை இரண்டு ஆக்கியோரிடமிருந்து எடுத்து அடுத்தடுத்து வைத்து, ஏன் இரண்டு என்பதற்குக் காரணமும் சொல்லத் தெரிந்தவர் எழுதிய பட்டியல் சிறியதானாலும் அதில் ஒரு புத்தி வேலை செய்கிறது.

ஆண்டு விஷயத்தில் நான் கடுமையானவன் என்று சக நடுவர்கள் சொல்வதுண்டு. புருனெல்லோ தி மொந்தால்சினோ, அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டு பிறக்கும் வரையில் விற்பனைக்கு வரக்கூடாது என்பது இத்தாலியச் சட்டம். பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதங்கள் முதிர்ச்சி வேண்டும், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். 2024இல் அச்சான ஒரு பட்டியலில் 2020ஆம் ஆண்டுப் புருனெல்லோ நின்றால், அது உலகத்தில் அப்போது விற்பனைக்கே வராத வைன். அச்சுப்பிழை என்று சிலர் மன்னித்துவிடுவார்கள். 150 பவுண் கேட்கும் வரியில் பிழை பார்க்க நேரமில்லாதவர், போத்தலை மேசைக்குக் கொண்டுவந்து காட்டும்போதும் ஆண்டைப் பார்க்கமாட்டார் என்பது என் அநுபவம்.

சட்டம் மட்டுமே தரத்துக்கு உத்தரவாதம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக்கூடாது. இத்தாலியின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் வைன்களுக்குப் பிறப்பிட மரியாதையை வகுத்துத் தந்தது; ஆனால் அதன்கீழ் கியாந்திக்கு ஏற்பட்ட விதிகள் சிவப்பு வைனில் வெள்ளைத் திராட்சையைக் கலந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தின. அதனால் சலிப்புற்ற நல்ல ஆக்கியோர் சிலர் அந்த மரியாதையையே துறந்து, வெறும் மேசை வைன் என்ற தாழ்ந்த பெயரோடு தங்கள் சிறந்த போத்தல்களை விற்றார்கள். தின்யானெல்லோ என்ற வைன் அப்படி வந்தது. பொல்கேரியில் இன்சீசா தெல்லா ரொக்கெத்தா குடும்பத்தார், அப்பகுதிக்கு அந்நியமான கபர்னே திராட்சையில் ஆக்கிய சாஸிகாயாவும் மேசை வைனாகத்தான் விற்றது. 1978இல் இதே லண்டனில் 'டிகாண்டர்' சஞ்சிகை பல நாட்டுக் கபர்னே வைன்களைப் பெயர் மறைத்துச் சுவைக்க வைத்தபோது, 1972ஆம் ஆண்டுச் சாஸிகாயா முதலிடம் பெற்றது. அன்று முதல் அந்தப் பெயர் பணக்கார மேசைகளின் ஆபரணமாகிவிட்டது. நல்ல வைன்தான், சந்தேகமில்லை. அதை எல்லா ஆண்டுகளிலும் வாங்கி அடுக்கிவைப்பதைப் பட்டியல் எழுதும் கலை என்று ஒப்புக்கொள்ள மட்டும் என் மனம் இடந்தரவில்லை.

இனி விலை. இதைப்பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே முக்கியம். இந்த நாட்டில் வைனுக்கு விதிக்கப்படும் தீர்வை அதன் தரத்தையோ விலையையோ பார்ப்பதில்லை. காரத்தை மட்டுமே பார்க்கிறது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் வந்த முறைப்படி, 12.5 சதவீதக் காரமுள்ள 750 மில்லிலீட்டர்ப் போத்தலுக்குத் தீர்வை அப்போது 2.67 பவுணாக இருந்தது; ஏழை வைனுக்கும் அதுதான், அரச வைனுக்கும் அதுதான். 2025 பெப்ரவரி முதல் பத்திலொரு சதவீத ஏற்றத்துக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். வெயில் காயும் தெற்கு இத்தாலியின் காரமான சிவப்பு வைன்களுக்கு அதனால் சுமை கூடியிருக்கிறது. வியாபாரி 8 பவுணுக்குத் தரும் போத்தலில் தீர்வை, கண்ணாடி, தக்கை, லாரிக்கூலி, இலாபம் எல்லாம் போக, திராட்சைக்காரருக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. அதே போத்தலைச் சாலைக்காரர் மும்மடங்காக்கி 24 பவுண் என்று வைத்து, அதன்மேல் 20 சதவீத வற் வரியையும் சேர்த்து 28.80க்கு விற்பது இங்கே சர்வசாதாரணம். அதே மும்மடங்கை 40 பவுண் போத்தலுக்குப் போட்டால் விருந்தினர் கொடுப்பது 144. இரண்டையும் திறப்பதற்கு ஒரே தக்கைத் திருகிதான், ஒரே கைதான், ஒரே கிளாஸ்தான். வாடகை, சம்பளம் எல்லாம் தெரிந்த நான் மும்மடங்கைக் குற்றமாகச் சொல்லமாட்டேன், ஆனால் 8 பவுண் போத்தலை ஐந்து மடங்காக்கிவிட்டு, அதைக் கேட்பவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கத்தைக் குற்றம் என்றே சொல்வேன். மலிவில் இரண்டாவதாக நிற்கும் வைனில்தான் சாலைக்காரர் அதிகம் அடிப்பார், வெட்கத்தினால் கடைசி வரியைத் தவிர்ப்பவர் அதில்தான் விழுவார் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. டேவிட் டி மேஸா, விக்ரம் பதானியா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் லண்டன் சாலைகளின் பட்டியல்களையே எடுத்து ஆராய்ந்து, அந்தப் பேச்சு உண்மையல்ல என்றும், விகிதப்படி இலாபம் உச்சத்துக்கு ஏறுவது பட்டியலின் நடுப்பகுதியில் என்றும் 2021இல் காட்டினார்கள். நான் கண்டதும் அதுவே. ஆகையால், கடைசி வரிகளை முடித்தவுடன் என் பென்சில் போகும் இடம் நடுவிலைப் பகுதி. அங்கே ஆக்கியோரின் வியாபார விலை எனக்குத் தெரிந்த நாலைந்து வைன்களைப் பிடித்துப் பெருக்கிப் பார்த்தால், சாலையின் நெஞ்சம் தெரிந்துவிடும்.

கிளாஸில் விற்கும் முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே கிளாஸ் வைன் 125 மில்லிலீட்டர் அல்லது 175 மில்லிலீட்டர் அளவில், அல்லது அவற்றின் மடங்குகளில் விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். 2010 முதல் 125 என்ற சிறிய அளவு கட்டாயம் கிடைக்க வேண்டும், பின்னர் அது பட்டியலில் தெரியவும் வேண்டும் என்று ஆயிற்று. ஆனால் 250 மில்லிலீட்டர்க் கிளாஸைத் தடித்த எழுத்தில் போட்டு, சின்ன அளவைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கும் பட்டியல்கள் இன்னும் வருகின்றன. 250 என்பது போத்தலில் மூன்றிலொரு பங்கு. ஒரு கிளாஸ் குடித்தேன் என்று எண்ணிக்கொண்டு எழுகிறவர் உண்மையில் என்ன குடித்தார் என்பது அவருக்கே தெரியாது. குடியினால் குடும்பங்கள் சீரழிந்ததை ஊரிலும் பார்த்தவன், இங்கே எங்களவர் நடுவிலும் பார்த்தவன் நான். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. ஒளித்துவைக்கப்பட்ட 125க்கு நான் மதிப்பெண் குறைக்கும்போது என் கை நடுங்குவதில்லை.

சைவாசாரம் தவறாத தமிழாசிரியரான என் பெரியையா, நான் வைன் பரிமாறுகிறேன் என்று கேள்விப்பட்டு முதலில் மிகவும் மனம் நொந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே ஒரு கடிதத்தில், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மது பேசப்படுவதை எடுத்துக்காட்டி, "நீ செய்வது பழைய வியாபாரம்தான் போல" என்று எழுதினார். முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளூஸ்' என்ற கையேடு, இந்திய மேற்குக்கரையின் பரூச் துறைமுகத்தில் இறங்கும் மதுவகைகளில் இத்தாலிய மதுவுக்கே முதன்மை என்று குறித்திருப்பதையும், 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மது வந்த ஆம்ஃபோராச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்ததையும் நான் அவருக்குப் பதிலாக எழுதினேன். எந்த ஊர் மது மேலானது என்று தரம் பிரித்து எழுதிய அந்த மாலுமியை என் தொழிலின் முன்னோடியாக எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அந்தரங்கத் திருப்தி உண்டு.

பட்டியல் காகிதத்தில் எத்தனை செம்மையாக இருந்தாலும் சாலைக்குப் போய் உட்கார்ந்தால்தான் அதன் சத்தியம் தெரியும். நான் முதலில் கேட்பது மலிவான சிவப்பு வைனில் ஒரு சின்னக் கிளாஸ். போத்தல் எப்போது திறந்தது என்று கேட்பேன். நல்ல இடங்களில் கழுத்தில் திகதி எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருக்கும். சிவப்பு வைனை அடுப்படிப் பக்கத்து அலமாரியில் நிறுத்திவைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தால், அதன் காரம் மட்டும் மூக்கிலேறி மற்ற வாசனையெல்லாம் மடங்கிவிடும். 16 முதல் 18 பாகை வரையில் இருந்தால் அதே வைன் நிமிர்ந்து நிற்கும். தக்கையின் குற்றத்தால் பூஞ்சண வாடை ஏறிய போத்தலைத் திருப்பிக் கொடுக்கும் விருந்தினரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பக்கத்து மேசைகளில் கவனிப்பேன். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் சொன்னால் உடனே மாற்றிக் கொடுத்து, நம் நிறத்தவர் சொன்னால் தலைமைப் பரிசாரகரை அழைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அத்தகைய ஓரிடத்தில் நான் அமைதியாக எழுந்து, காசைக் கொடுத்துவிட்டு வந்து, அங்கே நடந்ததை நடந்தபடி குறிப்பில் எழுதினேன்.

ஓர் ஆண்டு நான் போனது தென் லண்டனில் ஒரு சிறிய சாலைக்கு. பூலியாப் பிராந்தியத்துச் சமையல். ஒரே தாளில் அடங்கிய பட்டியலில் 28 வைன்கள். ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோன், ஊர், ஆண்டு. கிளாஸ் விலைகளில் 125தான் முதலில். அங்கே தக்காளிச் சாற்றில் நெடுநேரம் வெந்த இறைச்சியோடு வந்த ஒரெக்கியெத்தேப் பஸ்தாவை உண்டு, மலிவான நீக்ரோஅமாரோவைக் குடித்துப் பார்த்தேன். அந்த இரண்டும் இத்தனை இசைவாகப் பொருந்தியதற்கு யார் பொறுப்பு என்று பரிசாரகப் பெண்ணைக் கேட்டபோது, அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். சாப்பாடு முடிந்து கடை அடங்கிய பிறகு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் வடமராட்சிக்காரர். என் முகத்தைப் பார்த்தவுடன் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, புது வைன் வந்தா முதலாளி எங்களைத்தான் முதல்ல கூப்பிடுவார். சோஸ் ஒரு கரண்டி, வைன் ஒரு வாய். இது தனியக் குடிச்சா நாக்கை இழுக்குது. சோஸோட குடிச்சுப் பாருங்கோ, இழுக்கிறது நிண்டுடும்."

"விலை கூடினதுகளையும் இப்பிடித்தான் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒண்டு சரியான விலை, நல்ல வாசம். ஆனா தக்காளியோட வைச்சா இரும்பு மாதிரி அடிச்சுது. வேண்டாமெண்டு சொன்னன். முதலாளி திருப்பி அனுப்பிட்டார்."

புளிக்கரைசலோடு வளர்ந்த நாவுக்குப் புளிப்பின் தரம் பிரிக்கத் தெரியும். எத்தனையோ இத்தாலியச் சமையலறைகளில் பஸ்தா அவித்தும் சோஸ் கிண்டியும் நிற்கும் எங்கள் பிள்ளைகளின் நாவு அத்தகையது. ஆனால் தாங்கள் சமைக்கும் பதார்த்தத்தோடு எந்த வைன் போகிறது என்று ஒரு வாய் சுவைத்துப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்கிற முதலாளிகள் மிகக் குறைவு. ஆயிரம் பவுண் வைன்களைப் பாதாள அறையில் பூட்டி வைத்திருக்கும் பெரிய சாலைகளில், அடுப்படியில் நிற்பவர் அந்தப் பட்டியலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். இது எனக்குப் பெரிய அநியாயமாகவும், அதைவிடப் பெரிய நஷ்டமாகவும் படுகிறது.

அவ்வாண்டு நடுவர் மேசையில் இறுதிவரை வந்து நின்றவை இரண்டு பட்டியல்கள்: இந்த ஒற்றைத் தாளும், மேற்கு லண்டனிலுள்ள ஒரு பெருஞ்சாலையின் தோலட்டைப் புத்தகமும். புத்தகத்தில் நூற்றுக்கணக்கான வைன்கள். பரோலோவில் மட்டும் பல பத்தாண்டுகளின் வரிசை. அதன் மிக மலிவான சிவப்பு வைன் 48 பவுண். ஆக்கியோன் பெயர் இல்லை. நான் தாளின் பக்கம் பேசினேன். மூத்த நடுவர் ஒருவர், நான் மிகவும் மதிக்கும் ஆங்கிலேயர், எதிர்வாதம் செய்தார்: இளமையில் துவர்ப்பு மிகுந்து நாவை இறுக்கும் நெப்பியோலோ வைனை வாங்கி, இருபது ஆண்டுகள் இருட்டில் காத்து, அது கனிந்த பிறகு விருந்தினர் முன் வைப்பதற்கு முதலும் வேண்டும், பொறுமையும் வேண்டும், அந்தச் சேவையைச் செய்பவர்கள் இல்லாவிட்டால், பழுத்த பரோலோ எப்படியிருக்கும் என்பதையே இந்த நகரம் மறந்துபோகும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படிக் கனிந்த ஒரு போத்தலின் வாசனையை ஒருமுறை அறிந்தவன் அதை மறுக்கமாட்டான். தலைமைப் பரிசு புத்தகத்துக்கும், சிறு பட்டியலுக்கான பரிசு ஒற்றைத் தாளுக்கும் போயின. ஆனால் அடுத்த ஆண்டு முதல் மொத்த மதிப்பெண்ணில் மூன்றிலொரு பங்கு, 40 பவுணுக்குக் கீழுள்ள வைன்களைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும் என்ற என் யோசனையை, நெடுநேரம் தர்க்கித்த பின் அவரும் மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லையை 40 என்று வைத்ததில் மட்டும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. தீர்வையும் வாடகையும் ஏறிவிட்டன, 45 ஆக உயர்த்தாவிட்டால் மத்திய லண்டனில் எவரும் தேறமாட்டார்கள் என்கிறார் அவர். 45 ஆக்கினால் சாலைக்காரர்கள் எல்லாரும் 44 பவுணுக்கு ஒரு வைனை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள் என்கிறேன் நான். வரும் ஒக்டோபரில் பட்டியல்கள் வந்து சேரும்போது அதை மறுபடியும் எடுத்துப் பேசுவதென்று இருக்கிறோம்.